பதினான்கு புள்ளி நான்கு டிகிரி

பிப்ரவரி 5, திங்கள்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு இன்று விகிதம். நீலமும் மஞ்சளும் 3 : 2 என்று கலந்தால் பச்சை வருகிறது, இருபது லிட்டர் பச்சைக்கு மஞ்சள் எவ்வளவு வேண்டும்? பாதிப் பேர் இருபதை இரண்டால் வகுத்துவிட்டுப் பத்து என்று சாதிக்கிறார்கள். ஒருவன் எழுந்து, "டீச்சர், நமக்கு எதுக்கு அவ்ளோ பச்சை? அஞ்சு லிட்டர் போதும், கணக்கும் ஈசியா வரும்" என்கிறான். இவனைத்தான் எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள். பேர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை.

சதவீதம் அதைவிட மோசம். விலை இருபது சதவீதம் ஏறி, அப்புறம் இருபது சதவீதம் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பழைய விலைக்கே வந்துரும்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. இத்தனை ஒற்றுமை வேறு எதிலும் கிடையாது.

போன தேர்வில் விளக்கப்படத்தைப் பார்த்துப் பதில் எழுதும் கேள்வியை இருபத்தாறு பேரில் ஆறு பேர்தான் சரியாகச் செய்தார்கள். எச்.எம். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டினார். "உங்க பசங்களுக்குப் படத்தப் படிக்கத் தெரியல மேடம். இருபத்தொண்ணாம் தேதி கல்வி ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வர்றார், ஞாபகம் வச்சுக்கங்க." எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. புத்தகத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலை எந்த வருடம் எத்தனை மிதிவண்டி செய்தது என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் வரும்? அவர்களைப் பற்றியே அவர்கள் தகவல் திரட்டினால் என்ன?

பிப்ரவரி 6, செவ்வாய்

என்ன கேட்பது? பிடித்த நிறம், புளித்துப்போயிற்று. பிடித்த விளையாட்டு என்றால் அடித்துக்கொள்வார்கள்.

காலையில் இவர் மூன்றாவது தடவையாக வந்து போர்வையை இழுத்தார். "கண்ணாடிக் கடைய நான் ஒம்போதுக்குத் திறக்கணும். நீ எட்டரைக்குப் பள்ளிக்கூடத்துல இருக்கணும். யாரு முதல்ல எந்திரிக்கணும்னு நீயே விகிதம் போட்டுச் சொல்லு." அந்தத் தூக்கக் கலக்கத்திலேயே கேள்வி கிடைத்துவிட்டது. காலையில் உன்னை யார் எழுப்புகிறார்கள்? எல்லோருக்கும் பதில் இருக்கும் கேள்வி. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 7, புதன்

பல் பிடுங்கப் போன ஒருவன் வரவில்லை. ஆக வகுப்பில் இருபத்தைந்து பேர். அந்தப் பல் டாக்டருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். இருபத்தைந்து என்றால் தலைக்கு நான்கு சதவீதம். மிச்சம் மீதி இல்லாத கணக்கு. இருபத்தாறு வந்திருந்தால் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. "பேர் எழுத வேண்டாம். யாரு என்ன எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்று சொன்னேன். மடித்துப் பெட்டியில் போட்டார்கள். நான் படிக்க, வக்கீல் கரும்பலகையில் கோடு போட்டான். அம்மா, அம்மா, அலாரம், அம்மா, அப்பா. ஒரு சீட்டில் "அம்மாவின் துடைப்பம்" என்று இருந்தது. அதை எதில் சேர்ப்பது என்று ஐந்து நிமிட விவாதம். துடைப்பம் தானாக நடந்து வராது என்று வக்கீல் தீர்ப்புச் சொல்ல, அம்மாவில் சேர்த்தோம்.

அம்மா 14, அப்பா 4, அலாரம் 4, தாத்தா பாட்டி 2. கடைசியாக ஒரு சீட்டில் "யாரும் இல்லை."

எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வலப்பக்கம் சாய்ந்த, அழுத்தி எழுதும் கை. ஜன்னலோரம் உட்காரும் பெண். அதிகம் பேசமாட்டாள், கணக்கில் தப்பும் செய்யமாட்டாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இல்லாத பெண்ணோ? இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்திருக்கிறேனே. பாவம். அவளிடம் கொஞ்சம் தன்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விகிதம் போடச் சொன்னேன், 14 : 4, சுருக்கினால் 7 : 2. வீட்டில் வந்து சொன்னேன். "அந்த ரெண்டுல நான் ஒருத்தன்னு எழுதிக்கோ" என்றார் இவர்.

பிப்ரவரி 8, வியாழன்

வட்ட விளக்கப்படம். ஒரு சதவீதத்துக்கு 3.6 டிகிரி. அம்மா 201.6, அப்பா 57.6, அலாரம் அதேதான், தாத்தா பாட்டி 28.8. அதுவரை உற்சாகமாகத்தான் போனது. கடைசியில் 14.4 டிகிரி வந்ததும் எல்லோருக்கும் சலிப்பு. கோணமானியில் பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே புள்ளி வைக்கப் பென்சிலைச் சீவ வேண்டும்.

"இத்துனூண்டுதான டீச்சர், இத விட்டுரலாமே" என்றான் வக்கீல்.

"விட்டா நூறு வருமா? ஒருத்தர விட்டுட்டு எப்படி நூறாகும்?" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரப் பெண்ணின் படம்தான் எல்லாவற்றிலும் துல்லியம். அதிலும் அந்த மெல்லிய துண்டு, நானே போட்டிருந்தாலும் அப்படி வந்திருக்காது. அவள் படத்தைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க, அந்த நாலு சதவீதத்த இவ எவ்ளோ கரெக்டா போட்டிருக்கா!" வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். என்னத்துக்குச் சிரிப்போ, இந்த வயசில் எதற்கும் சிரிக்கும்.

பெரிய அட்டையில் வண்ணம் அடித்து நடைபாதைச் சுவரில் மாட்டியாயிற்று. எச்.எம். நின்று பார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். அறிவியல் சார் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை கால் தரையில் படவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் 'அ' பிரிவுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி முன்னால் நின்றவளின் முதுகில் தட்டி, "ஏய் நாலு சதவீதம், சீக்கிரம் பிடி" என்றாள். முன்னால் நின்றது என் வகுப்பு ஜன்னலோரப் பெண். அவள் திரும்பவில்லை, புட்டியை நிரப்பிக்கொண்டு போனாள்.

நான் அப்படியே திரும்பி நடந்தேன்.

வேறு பிரிவுக்கே போயிருக்கிறது என்றால் என் வகுப்பில் எப்போதிலிருந்து இந்தப் பேர்? தலைக்கு நான்கு சதவீதம் என்று நான்தானே குதித்தேன். நான்கு சதவீதம் என்றால் ஒரே ஒரு ஆள் என்பது இந்த மண்டைக்கு ஏறவில்லையா? பேர் வேண்டாம், யாருக்கும் தெரியாது என்றேன். சீட்டைப் படித்ததும் அவளையே பார்த்தேன். அவள் படத்தைத் தூக்கிக் காட்டி, இன்னார்தான் என்று அடையாளமும் வைத்தேன். அதுவும் போதாமல் சுவரில் மாட்டினேன். அவளையே கோணமானி வைத்து அளக்கச் சொல்லி, பென்சிலைச் சீவு, சரியாகப் போடு என்று அதட்டியிருக்கிறேன்.

அட்டையைக் கழற்றிவிடலாம் என்று போனேன். எச்.எம். பார்த்துவிட்டார். "அதிகாரி வர்ற வரைக்கும் அது அங்கதான் இருக்கணும் மேடம்." சரி என்று வந்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டிருந்தால் காரணம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று செய்ததை எழுதவே கை கூசுகிறது.

வகுப்புக்குள் நுழையும்போதே அந்தப் பேர் காதில் விழுந்தது. ஒரேயடியாக முடித்துவிடுவது என்று நேற்றே யோசித்து வைத்திருந்தேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னேன்: "யாரும் எழுப்பறதில்லைன்னு ஒரு சீட்டு இருந்துச்சே, அது யாரோடதுன்னு ரொம்ப ஆராய்ச்சி பண்றீங்களாமே? அது என்னோடது. நானும் ஒண்ணு எழுதிப் போட்டேன்."

ஒரு நிமிடம் வேலை செய்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வக்கீல் கையைத் தூக்கினான். அவன் முகத்தில் குறும்பு இல்லை, அதுதான் கொடுமை. உண்மையிலேயே சந்தேகம் கேட்டான்.

"டீச்சர், அன்னைக்கு நாங்க இருபத்தஞ்சு பேரு. நீங்களும் போட்டா இருபத்தாறு சீட்டு வந்திருக்கணும். நான்தான கோடு போட்டேன், இருபத்தஞ்சுதான் இருந்துச்சு."

"யாராவது போடாம இருந்திருப்பாங்க."

"யாருடா போடல?" என்று அவன் பின்னால் திரும்பிக் கேட்டான். எல்லோரும் போட்டேன் போட்டேன் என்று கத்தினார்கள். அதற்குள் நோட்டில் வகுத்தும் பார்த்துவிட்டான். "இருபத்தாறுல ஒண்ணுன்னா 3.85 வருது டீச்சர். நாலு வராது. படம் தப்பாயிடும்."

"உட்காரு! எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. பின் பெஞ்சுக்குப் போ!" என்று கத்தினேன்.

போனான். இந்த வருடம் முழுக்க இவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது என்ன? மொத்தம் எவ்வளவு என்று முதலில் பார், பிறகு சதவீதத்தைப் பேசு. அவன் பார்த்தான். அதற்காகப் பின் பெஞ்சுக்கு அனுப்பினேன். அவன் காது மடல் சிவந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஜன்னலோரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "உன்ன யாரும் எழுப்பறதில்லையா? அப்ப இத்தனை வருஷமா போர்வைய இழுக்கறது பேயா பிசாசா?" என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு நல்லதுன்னுதான சொன்ன, விடு" என்றார். அவளுக்காகவா சொன்னேன்? எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அதற்காகச் சொன்னேன். வேறென்ன.

பிப்ரவரி 15, வியாழன்

நேற்றும் இன்றும் ஜன்னலோர இடம் காலி.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்றும் வரவில்லை. "காய்ச்சலாம் டீச்சர்" என்கிறார்கள். சொன்ன பெண் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். அலுவலக அறையில் முகவரி வாங்கிக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிட்டால்? இந்த வயசில் நின்றுபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் காய்ச்சல், பிறகு வீட்டு வேலை, பிறகு வருகைப் பதிவேட்டில் பேர்மேல் சிவப்புக் கோடு. அப்படி ஆனால் அந்தக் கோடு நான் போட்டது.

பிப்ரவரி 17, சனி

போய்விட்டு வந்தேன்.

சலவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கீழே இருந்து ஆவியும் சோப்பு வாசனையும் படிக்கட்டு முழுக்க ஏறி வருகிறது. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம், நோயாளியைப் பார்க்கப் போகிறவள் மாதிரி. வழியெல்லாம் என்னென்னவோ ஒத்திகை பார்த்தேன். அம்மா இல்லாத பிள்ளை, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உனக்கு நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசுங்க டீச்சர். அம்மா தூங்கறாங்க."

அம்மா.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே திரைக்குப் பின்னால் யாரோ படுத்திருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலையாம், காலையில்தான் வந்து படுப்பார்களாம். அதனால் பேசினதெல்லாம் கிசுகிசுப்பாகத்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று, சத்தமாகப் பேசியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும்.

"காய்ச்சல்னு சொன்னாங்களே?"

"இல்ல டீச்சர்." மறைக்கக்கூட இல்லை.

"உன்ன யாரும் எழுப்பறதில்லைன்னு..." என்று நான் இழுத்தேன்.

"எழுப்ப வேண்டாமே. நான்தான் எல்லாரையும் எழுப்பறேன்" என்றாள். மாமா பால் வண்டி ஓட்டுகிறவர், அவரை நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். பிறகு தம்பி, அவனை எழுப்பத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு தங்கை. லீவு நாளில் மதியம் அம்மாவையும். "மாமா அலாரத்த அமுக்கிட்டுத் தூங்கிருவாரு. நான் எழுப்பினாத்தான் எந்திரிப்பாரு." சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை. சுத்தமான பெருமை. அதைத்தான் துண்டுச் சீட்டில் அழுத்தி எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் "பாவம்" என்றேன்.

படத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகளைத் திட்டினோமே.

"அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னுதான வரல?" என்று கேட்டேன்.

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அது ரெண்டு நாள் கூப்பிடுவாங்க டீச்சர், அப்புறம் வேற ஆளு கெடைப்பாங்க. வக்கீலுக்கே வக்கீல்னு பேரு இருக்கு. எனக்கு அது பெரிசா தெரியல. நீங்க அது உங்களோடதுன்னு சொன்னீங்க பாருங்க..." நிறுத்தினாள். "அது வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். நீங்க மறைச்சதும்தான், ஓ, இது மறைக்க வேண்டிய விஷயமான்னு தோணுச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் என்னப் பாக்கற மாதிரியே இருக்கு."

படிக்கட்டில் நின்றுகொண்டு ஆரஞ்சுப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். பதின்மூன்று வயசுப் பெண்ணிடம்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் டீச்சர். சொன்னத மட்டும் இல்லன்னு சொல்லிருங்க. வக்கீல் சரியாத்தான் சொன்னான்." பிறகு மணியைப் பார்த்தாள். "திங்கக்கிழம வர்றேன். இப்ப அம்மாவ எழுப்பணும்."

உள்ளே போனாள். பழத்தைப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மனசு உடைந்தெல்லாம் இல்லை. வெட்கம். முகம் இன்னும் காந்துகிறது. அவளுக்கு நான் நல்லது செய்யப் போனேனாம். அவளிடம் இருந்த ஒரு நல்ல விஷயத்தை எடுத்து அசிங்கமாக்கிக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

வந்தாள். சொன்ன சொல் காப்பாற்றினாள்.

நான் காப்பாற்றவில்லை. அட்டவணைப்படி கூட்டு விகிதம் நடத்தினேன். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் "அடுத்த கணக்கு" என்று வந்தது. பொய் சொன்னேன் என்று இருபத்தாறு பிள்ளைகள் முன்னால் சொன்னால் நாளைக்கு என் பேச்சை எவன் மதிப்பான்? மணி அடித்தது. அவள் புத்தகத்தை அடுக்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் போனாள். வக்கீல் இன்னும் பின் பெஞ்சில்தான் இருக்கிறான். முன்னால் வா என்று சொல்லக்கூட எனக்குத் துணிவில்லை. இப்போதெல்லாம் அவன் கையே தூக்குவதில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. நான் ஒரு கோழை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 21, புதன்

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எச்.எம். அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து கரும்பலகையில் மாட்டச் செய்திருந்தார். "எங்க பசங்க அவங்களே திரட்டின தகவல் சார்."

"அம்மா எழுப்பறவங்க எத்தனை சதவீதம்?" "அம்பத்தாறு!" "அப்பாவும் அலாரமும் சேந்தா?" "முப்பத்திரண்டு!" பிள்ளைகள் கலக்கினார்கள். எச்.எம். முகம் மலர்ந்துகொண்டே போனது. நானும் பெருமூச்சு விட்டேன், இன்னும் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவார் என்று.

அவர் பேனா நுனியை அந்த மெல்லிய துண்டின் மேல் வைத்தார். "இது என்ன? யாருமே எழுப்பறதில்லையா? அடப் பாவமே." வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். குரலில் அவ்வளவு இரக்கம். "யாரும்மா அந்தப் பிள்ளை?"

இரண்டு மூன்று தலைகள் ஜன்னல் பக்கம் திரும்ப ஆரம்பித்தன.

"சார்," என்றேன். சத்தமாக வந்துவிட்டது. "பாவம்னு அந்தப் படத்துல எங்கயும் போடல சார்."

அவர் என்னைப் பார்த்தார்.

"யாரும் எழுப்பறதில்லைன்னு மட்டுந்தான் இருக்கு. ஏன்னு இல்ல. அது நல்லதா கெட்டதான்னு இல்ல. அது தெரியணும்னா வேற கேள்வி கேட்டிருக்கணும். நான் கேக்கல. கேக்காமலே நானும் பாவம்னுதான் நெனச்சேன்." அங்கேயே நிறுத்தியிருந்தால் கெட்டிக்கார டீச்சர் என்று பேர் வாங்கியிருப்பேன். நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "அது என் சீட்டுன்னு உங்ககிட்ட சொன்னேன். பொய். நான் சீட்டே போடல. என்னத் தினமும் எங்க வீட்டுக்காரர் எழுப்பறார். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. இருபத்தஞ்சு சீட்டுன்னு வக்கீல் சொன்னதுதான் சரி. சரியாச் சொன்னவன நான் அதட்டிப் பின்னால அனுப்பினேன். தப்பு என்னோடது."

"எந்த வக்கீல்?" என்று அதிகாரி எச்.எம்.மைக் கேட்டார்.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரிக்க, வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டது. அந்த மூன்று தடவைக்காகத்தான் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தது போதும்.

பிப்ரவரி 22, வியாழன்

எச்.எம். அறையில் அரை மணி நேரம். "அதிகாரி முன்னாடி நின்னுகிட்டு நான் பொய் சொன்னேன்னு எந்த டீச்சராவது சொல்லுவாளா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" அடுத்த வருடம் கணிதப் பொறுப்பாசிரியர் பதவிக்கு என் பேரை அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தார். இன்று அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் வாங்கிக்கொண்டேன், வலிக்கவும் செய்தது.

அட்டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க, யாருக்கு வேணும்" என்றார்.

வக்கீலை முன் பெஞ்சுக்கு வரச் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், உட்காரும் முன்பே, "டீச்சர், 3.85 இல்ல, 3.846. நான்தான் தோராயமாச் சொன்னேன்" என்றான். சரி என்றேன். ஜன்னலோரப் பெண் எப்போதும்போல் வந்தாள். கணக்கு செய்தாள், நோட்டை மற்றவர்களோடு அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்மேல் கோபம் இருக்கிறதா இல்லையா? தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதமாட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பிள்ளைகளே கேள்வி யோசித்து, வகுப்பில் தகவல் திரட்டி, படம் போட வேண்டும். இதுதான் இந்த வாரப் பயிற்சி. ஒரே நிபந்தனை: பதில் சொல்லப் பிடிக்காதவர் வெற்றுச் சீட்டு போடலாம், அதையும் எண்ண வேண்டும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் கணக்கு நடத்தி இப்போதுதான் தோன்றுகிறது.

முதல் ஆளாக வக்கீல்: வாரத்தில் எத்தனை தடவை நீ உண்மையாகவே பல் தேய்க்கிறாய்? வெற்றுச் சீட்டுகள் பதினொன்று.

மார்ச் 1, வெள்ளி

இன்று ஜன்னலோரப் பெண்ணின் முறை. எழுந்து வந்து கரும்பலகையில் அந்தச் சாய்ந்த எழுத்தில் எழுதினாள்: "காலையில் நீ யாரை எழுப்புகிறாய்?"

வகுப்பு விழித்தது. ஒருத்தன், "நான் எதுக்கு எழுப்பணும்? என்னையே எழுப்பணும்" என்றான். "அதையே எழுது" என்றாள். சீட்டைக் கொடுத்தாள், வாங்கினாள். பெட்டியில் போட்டுக் குலுக்கினாள். நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் படித்தாள். தங்கை. யாரையும் இல்லை. யாரையும் இல்லை. தம்பி. அம்மா. யாரையும் இல்லை. கோடுகள் ஒரே வரிசையில் நீண்டுகொண்டே போயின. ஒன்று மட்டும், "எல்லாரையும்." அதைப் படித்தபோது அவள் குரல் மாறவில்லை. யாரோ பின்னாலிருந்து, "நெஜமாவா, எல்லாரையுமா?" என்றார்கள். "மாமாவ நாலு மணிக்கு" என்றாள். "நாலு மணிக்கா!" என்று வக்கீல் வாயைப் பிளந்தான்.

முடிந்துவிட்டது என்று நான் பாடத்தைத் தொடங்க எழுந்தேன். அவள் என் மேசைக்கு வந்து ஒரு சீட்டை வைத்தாள்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க டீச்சர்."

"டீச்சரும் போட்டா இருபத்தேழாயிரும்" என்றான் வக்கீல். "கணக்கு அசிங்கமா வரும்."

"வரட்டும்" என்றாள் அவள்.

எழுதினேன். மடிக்காமல் கொடுத்தேன். யாரையும் இல்லை. அவள் அதைப் படித்துவிட்டு, கோடு போடாமல், சாக்பீஸைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"இது நெஜந்தானா டீச்சர்?"

யாரும் சிரிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் என்பதுபோல் எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"நெஜம்" என்றேன்.

கரும்பலகைப் பக்கம் திரும்பி, நீண்ட வரிசையின் கடைசியில் எனக்கும் ஒரு கோடு போட்டாள்.